பெரியப்பாவா, மாமாவா

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்குழம்போடு ஒரு வழக்கும் நடக்கும். பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் கெட்டிக்காரர் பெரியப்பாவா மாமாவா என்பதுதான் வழக்கு. பெரியப்பா என்றால் எங்களோடு இருந்து சோறு சாப்பிட்ட பெரியப்பா அல்ல, இருபத்தைந்து வயதுப் பெரியப்பா. அந்த ஆளை அப்பாவைத் தவிர வீட்டில் வேறு யாரும் கண்டதில்லை. கண்ணால் காணாத ஒருவரைத் தோற்கடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை மாமா ஒவ்வொரு ஞாயிறும் அனுபவித்தார்.

பெரியப்பா அப்பாவின் தமையன். வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையில் இருந்த காலத்தில் அவர்களுடைய கந்தோரில் கிளாக்காக இருந்தவர். ஒருநாள் ஆட்டத்துக்கு ஆள் குறைய, உனக்குக் கோல் பிடிக்கத் தெரியுமா என்று ஒரு ஒபிசர் பகிடியாகக் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்த மேசையில் பெரியப்பாவை வெல்ல ஆள் இருக்கவில்லை என்பது எங்கள் குடும்ப வரலாறு. சாட்சி அப்பா ஒருவர்தான். தமையனுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிற சின்ன வயதில் யன்னலால் எட்டிப் பார்த்தவர். பிறகு வெள்ளைக்காரரின் கப்பல்கள் போய்விட்டன. அவற்றோடு பெரியப்பாவின் வேலையும் போய்விட்டது. நான் அறிந்த பெரியப்பா கலியாணம் கட்டாத, வலது கை நடுங்குகிற ஒரு மனுஷன். எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஓர் அறையில் இருந்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணியை அரைக் கோப்பைதான் ஊற்றுவா. முழுக் கோப்பை என்றால் சிந்திவிடும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கிளிவெட்டியில் வயல் செய்கிற குடும்பம். படிப்பதற்காகத் திருகோணமலை ரவுணுக்கு வந்தவர், படிப்பு முடிந்தும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அப்பாவுக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இடத்தில் வேலை. அங்கேயே மாமாவுக்கும் ஒரு வேலை எடுத்துக் கொடுத்திருந்தார். பின்னேரத்தில் மாமா உத்தியோகத்தர்களின் கிளப்புக்குப் போவார். அங்கே வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன ஒரு மேசை கிடந்தது. அதன் பச்சைத் துணி நடுவில் கிழிந்து, யாரோ தைத்திருந்தார்கள். தையலில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மாமாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்கள். இருபத்துநாலு வயதில் அந்தக் கிளப்பில் அவரோடு நின்றுபிடிக்க எவரும் இல்லை.

மாமாவுக்குச் சாட்சி நான். நான் அந்தக் கிளப்பின் வாசலைக்கூட மிதித்ததில்லை, பெண்பிள்ளைகளுக்கு அங்கே அலுவல் இல்லை. ஆனால் மாமா சாப்பாட்டு மேசையில் மூன்று தேசிக்காயை வைத்து, அப்பாவின் குடைக்கம்பியால் தட்டி, ஒன்று மற்ற இரண்டிலும் போய் முட்டுகிற மாதிரிச் செய்து காட்டுவார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வழக்கு எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். அந்தக் காலத்து ஒபிசர்மார் குடிவெறியில் ஆடியிருப்பார்கள், புதுத் துணியில் ஆரும் ஆடலாம் என்பார் மாமா. அவர்கள் தங்களுடைய ஊரில் சின்ன வயதிலிருந்து பழகி வந்தவர்கள், உன்னுடைய ஆட்களைப் போல நேற்றுக் கோல் பிடித்தவர்கள் இல்லை என்பார் பெரியப்பா. அப்போது பந்து யானைத் தந்தம், மழை நாளில் அது வேறு மாதிரி ஓடும், அதைக் கணக்குப் பண்ணி ஆட வேண்டும் என்று ஒரு நுட்பமும் சொல்லுவார். கடைசியில் அப்பா அவரவர் அவரவர் காலத்தில் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்லுவார். இரண்டு பேருக்கும் பிடிக்காத தீர்ப்பு என்பதால் வழக்கு அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போகும்.

நாட்டில் ஆமிக்கும் இயக்கங்களுக்கும் சண்டை தொடங்கி இரண்டாம் வருஷம், எனக்குப் பதினொரு வயது. அந்தக் கிளப்புக்குச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் அரசாங்க நேவி ஒபிசர் ஒருவர் வரத் தொடங்கினார். துவக்கோடு இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள். அதனால் சனிக்கிழமைகளில் கிளப்பில் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒருவருக்குத் தலையிடி, இன்னொருவருக்கு வீட்டில் விசேஷம். ஒபிசர் தனியே பந்தை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, இங்கே நன்றாக ஆடுகிறவர் யார் என்று கேட்டாராம். யாரோ மாமாவின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். மாமா இரண்டு சனிக்கிழமை போகாமல் வீட்டிலேயே படுத்திருந்தார்.

இரண்டாவது சனிக்கு அடுத்த நாள் பெரியப்பா சோற்றைப் பிசைந்தபடி, பெரிதாக யோசிக்காமல்தான் அதைச் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"நாங்கள் நேவிக்காரரை வெண்டனாங்கள், தம்பி. நீ கிளாக்குமாரை வெல்லுறாய். பிறகென்ன கதை?"

அந்த நேவி வேறு, இந்த நேவி வேறு என்று அம்மா மெல்லச் சொல்லி, தம்பியின் சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன்துண்டை வைத்தா. அந்தச் சொல்லில்தான் முழு விஷயமும் இருந்தது. ஆனால் அதை யாரும் காதில் எடுக்கவில்லை. நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போய் வெண்டுபோட்டு வாங்கோ மாமா என்று நானும் சொன்னதாக ஞாபகம்.

அடுத்த சனிக்கிழமை மாமா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். துணைக்குப் பெரியப்பா. இரண்டு பேரும் ஒழுங்கையால் நடந்துபோனதைப் வாசற்படலையில் நின்று பார்த்தேன். வெயில் தாழ்ந்த பிறகு நடந்தே திரும்பி வந்தார்கள். மாமா நேரே கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் குளித்தார். நடந்ததைப் பெரியப்பாதான் சொன்னார். இரண்டு ஆட்டம், இரண்டிலும் மாமாவுக்கு வெற்றி. ஒபிசர் கைகொடுத்து, தேத்தண்ணி வரவழைத்து, திரும்பவும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கு முடியப்போகிறது என்று நான் காத்திருந்தேன். பெரியப்பா நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "வெண்டவன்தான். ஆனா அவன் என்ன ஒபிசர்? என்ர காலத்தில அவனைக் கோல் துடைக்கவும் விட்டிருக்க மாட்டாங்கள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மனுஷன் இவ்வளவு கஞ்சத்தனமாக இருக்கலாமா என்று இருந்தது. வீட்டில் கிடைக்காத நீதியைத் தேடி வழக்கைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளுடைய அண்ணன் ஆறு மாதத்துக்கு முன்னம் வீட்டைவிட்டுப் போனவன். எங்கே போனான் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கதைப்பதில்லை. இடைவேளையில் அவளிடம் மாமா நேவி ஒபிசரை இரண்டு தரம் வென்ற கதையைச் சொன்னேன். அவளுக்குப் பில்லியர்ட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு ம் என்றாள். அந்த ம் என்னால் தாங்க ஏலாததாக இருந்தது. அதனால் ஒரு ஜீப்பைச் சேர்த்தேன். ஒபிசரே எங்கள் ஒழுங்கை முகப்புக்கு ஜீப் அனுப்பினார், மாமா முன் சீற்றில் ஏறிப் போனார், திரும்பவும் ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டார்கள் என்றேன்.

அவள் கடிப்பதை நிறுத்தினாள். "உண்மையாவோ?"

"ஓம்."

அடுத்த நாள் வேறு பிள்ளைகளும் வந்து கேட்டார்கள். ஜீப்பின் நிறத்தையும், சாரதி மாமாவுக்கு சலூட் அடித்ததையும் சேர்த்துச் சொன்னேன். பெரியப்பாவின் முழு வாழ்க்கையிலும் அவருக்கு ஒரு ஜீப் வந்ததில்லை. அந்த வகுப்பில் மாமா வென்றுவிட்டார்.

பிறகும் ஒரு சனிக்கிழமை வரச் சொல்லி ஒபிசரிடமிருந்து ஆள் வந்தது. துவக்கோடு வந்தவனிடம் ஏலாது என்று சொல்ல முடியவில்லை, மாமா போனார். அன்றைக்கு வேண்டுமென்றே தோற்றார். தோற்றால் திரும்பக் கூப்பிட மாட்டார் என்ற எண்ணம். மாமா தோற்றதைக் கேட்டு நான்தான் அவரோடு ஒரு நாள் முழுக்கக் கதைக்காமல் இருந்தேன்.

அம்மா அதற்கு மேல் பொறுக்கவில்லை. கிளிவெட்டியில் அறுவடைக் காலம், அதைச் சாட்டி லீவு எடுத்துக்கொண்டு போகச் சொன்னா. மாமா மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் ஏறிப் போனார். அங்கே ஒன்பதாம் நாள், நெல்லுச் சூடு மிதிக்கிற களத்துக்கு இயக்கப் பெடியள் இரண்டு பேர் சைக்கிளில் வந்திருக்கிறார்கள். மரியாதையாக அண்ணை என்றுதான் கூப்பிட்டார்களாம். சின்ன விசாரணை, பின்னேரம் கொண்டுவந்து விடுகிறோம் என்று சொன்னார்களாம். மூன்றாம் நாள் காலை, தோப்பூருக்குப் போகிற றோட்டில் ஒரு மதகடியில் மாமா கிடந்தார். கழுத்தில் எழுதின காட்போட் மட்டை ஒன்று கட்டியிருந்தது.

அப்பா மட்டும் லோஞ்சில் போய், அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு இரண்டு நாளால் வந்தார். கதிரையில் இருந்துகொண்டு, மட்டையில் இருந்ததை அம்மா திரும்பத் திரும்பக் கேட்டதால் சொன்னார். நேவி ஜீப்பில் திரிந்து ஆட்களைக் காட்டிக் கொடுத்தவன் என்று எழுதியிருந்ததாம்.

"ஜீப்பிலயோ?" என்றா அம்மா. "என்ர தம்பி எப்ப ஜீப்பில ஏறினவன்?"

ஆரோ சொல்லியிருக்கினம் என்றார் அப்பா.

நான் குசினி வாசலில் நின்றேன். அம்மா அழுத சத்தம் எனக்கு எங்கேயோ அடுத்த வளவில் கேட்பது போல இருந்தது.

நாலைந்து நாளால், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரியப்பா றோட்டில் என்னை மறித்தார். சவரம் செய்யாத முகம்.

"நாங்கள் நடந்துதான் போனனாங்கள், பிள்ளை. நடந்துதான் வந்தனாங்கள். இந்த ஜீப் கதை எங்கயிருந்து வந்தது?"

அவர் கேட்டு முடிக்கும் முன்னமே எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா என்னை நிறைய நேரம் பார்த்தார். பிறகு, சரி, வீட்டை போ என்றார்.

மாமா செத்த முப்பத்தோராம் நாள், முப்பத்தொன்றுப் படையலுக்குச் சொந்தக்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். படைத்து முடித்துப் பந்தி வைக்கிற நேரம், அம்மா, கூடத்தில் இருந்த பெரியப்பாவுக்கு முன்னால் வந்து நின்றா.

"நீங்கள்தானே அவனை அனுப்பினது?"

நான் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றேன். ஜீப் கதையைப் பெரியப்பா இப்போது எடுப்பார், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பெரியப்பா என் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை.

"ஓம்," என்றார். "நான்தான் அனுப்பினனான்."

எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படலையை அவர் திறக்கவில்லை. எட்டு வருஷம் கழித்து அவர் செத்தபோதும் அம்மா போகவில்லை. அன்று சுடலையிலிருந்து வந்த அப்பா ஒன்று சொன்னார். மாமா வென்ற அந்தச் சனிக்கிழமை, ஒழுங்கை முடிவில் நின்று பெரியப்பா அப்பாவிடம், என்னுடைய நல்ல காலத்திலும் இவனோடு நின்றுபிடித்திருக்க ஏலாது என்று சொன்னாராம். அதை ஏன் சாப்பாட்டு மேசையில் சொல்லவில்லை என்று கேட்டேன். அண்ணையிட்ட வேற என்ன இருந்தது என்றார் அப்பா.

என் கதை அந்தத் தோழியின் வீட்டுக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டி கிளிவெட்டிக்குப் போயிற்றா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல ஏலாது. மாமாவைக் கிளப் வாசலில் கண்டவர்கள் எத்தனையோ பேர். ஜீப் இல்லாவிட்டாலும் அந்தப் பெடியள் வந்திருக்கலாம். ஆனால் அந்த ஜீப் என் வாயைத் தவிர உலகத்தில் வேறெங்கும் ஓடவில்லை. அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. இன்னமும் பெரியப்பாவின் பெயர் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவா. நான் இன்னமும் சொல்லவில்லை.

முப்பத்தொன்று அன்று பெரியப்பா படலையைச் சாத்திக்கொண்டு போனதும் பந்தி தொடர்ந்து நடந்தது. பெரிய மனுஷன் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் தன் பிழை என்று ஒப்புக்கொண்டுவிட்டார், ஆகவே பிழை முழுவதும் அவருடையது, எனக்கு அதில் பங்கு இல்லை என்று பதினொரு வயதுப் புத்தியால் விளங்கிக்கொண்டேன். ஒரு மாதமாக எனக்குச் சாப்பாடு தொண்டையால் இறங்கவில்லை. அன்றைக்கு நன்றாகப் பசித்தது. இலை போட்டு இருந்து, இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.