நல்லமுத்து மரத்தை விட்டு இறங்கிய காரணம்

தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் மரமேறி மிளகு பறிப்பதில் நல்லமுத்துவை மிஞ்ச ஆள் கிடையாது. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கிலில், கணுவுக்குக் கணு கட்டைவிரலை ஊன்றி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு முப்பது வருடமாக ஏறுகிறவர். அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு திங்கட்கிழமை காலை பாதி மரத்தில் நின்றார், கீழே பார்த்தார், இறங்கினார், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

பயம். அவ்வளவுதான். ஐம்பத்து நான்கு வயதில் திடீரென்று கால் நடுங்கி, தலை சுற்றி, இன்னும் ஒரு கணு ஏறினால் செத்தோம் என்று தோன்றிவிட்டது. வெளியே சொன்னால் மரமேறுகிற வேலை போய்விடும், களை வெட்டுகிற கூட்டத்தில் தள்ளிவிடுவார்கள். அந்த வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டார்.

அவர் மூடினால் ஊர் மூடுமா? மத்தியானத்துக்குள் டீக்கடையில் காரணங்கள் தயார். மருமகன் ஏதோ சொல்லித் தூண்டி விட்டிருக்கிறான் என்றார் ஒருவர். சேர்வராயன் கோயிலுக்கு ஏதாவது வேண்டுதலாக இருக்கும் என்றார் இன்னொருவர். கடைசியில் தீர்ப்புச் சொன்னவர், கூடவே மரமேறுகிற செல்லப்பன்.

"சரிவுல இருக்கற பெரிய மரத்தையெல்லாம் இந்த வருசம் எனக்குக் குடுத்துட்டாங்கல்ல, அந்த ரோசமுங்க. வேற என்ன?"

எல்லாரும் தலையாட்டினார்கள். சம்பந்தப்பட்டவரைப் போய் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நல்லமுத்துவின் சம்சாரம் ஆராயியும் அதையே நம்பினாள்.

"உங்க ரோசத்தைப் போட்டு ஒல வெக்கறதுங்களா?" என்று கேட்டாள்.

நம்ம ஆளும் மறுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்பதைவிட ரோசக்காரன் என்ற பெயர் எவ்வளவோ மேல். இரண்டு நாள் மீசையை முறுக்கிக்கொண்டே திரிந்தார்.

புதன்கிழமை எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் மரியதாஸ் வீடு தேடி வந்துவிட்டார்.

"ஏனுங்க நல்லமுத்தண்ணா, இதுக்குப் போயி கோவிச்சுக்கறதா? மொதலாளிகிட்டப் பேசிட்டனுங்க. சரிவுல இருக்கற பெரிய மரமெல்லாம் இனி உங்களுக்குத்தான்."

நல்லமுத்து மீசையை முறுக்கிய கையைக் கீழே இறக்கினார். மானம் போனால் போகட்டும் என்று உண்மையைச் சொன்னார்.

"கோவமெல்லாம் இல்லீங்க ரைட்டரே. மேல ஏறுனா பயமா இருக்குதுங்க. நொம்பப் பயமா இருக்குதுங்க."

ரைட்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா ஆராயி? கோவம் இன்னும் அடங்குல. எப்படிக் குத்திக் காட்டறாரு பாரு."

உண்மையைச் சொல்லியும் எடுபடாததால், மறுநாள் காலை சரிவில் எல்லாரும் பார்க்க நல்லமுத்து ஏறினார். எட்டாவது கணுவில் கால் வெடவெடவென்று ஆட, மூங்கிலும் சேர்ந்து ஆடியது. கண்ணை இறுக மூடி, இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கீழே நின்ற செல்லப்பன் ரைட்டரிடம் சொன்னார்: "புடிச்ச புடியைப் பாத்தீங்களா? இனி உசுரே போனாலும் அந்த மரத்த எனக்கு உட்டுக் குடுக்க மாட்டாருங்க."