இரண்டு தட்டுத் தண்ணீரும் ஒரு காய்ந்த கையும்

இங்கே காலையில் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நேராகத் தங்கள் நாற்காலிக்குப் போவதில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மேசை மேசையாகப் போய் எல்லோருக்கும் கை கொடுத்து "மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்கிறார்கள். நேற்று பார்த்தவர்தான், நாளையும் பார்க்கப் போகிறவர்தான். ஆனாலும் கை கொடுத்தாக வேண்டும். ஜெர்மனியின் தெற்கே இந்தச் சின்ன ஊருக்கு இயந்திர வரைபடம் போடும் வேலைக்கு வந்த புதிதில், குளிரும் கல் மாதிரியான ரொட்டியும் என்னைப் பயமுறுத்தவில்லை. இந்தக் காலை ஊர்வலம்தான் பயமுறுத்தியது. காரணம், என் உள்ளங்கைகள். வெளியே பனி கொட்டும்போதும் அவை வேர்த்துச் சொட்டும்.

எங்கள் ஊர் சேலையூரில் எனக்கு இது பெரிய குறையாகத் தெரிந்ததில்லை. பரீட்சை எழுதும்போது கைக்குட்டையை விரித்து அதன் மேல் கையை வைத்துத்தான் எழுதுவேன். நான் விளையாட்டு மைதானத்துக்குள் நுழைந்தாலே கூட்டாளிகள், "மச்சான், தண்ணி லாரி வந்துட்சிடா, குடத்த எட்து வைங்க" என்று கத்துவான்கள். நானும் சிரித்துக்கொண்டே அவனவன் சட்டையில் கையைத் துடைத்துவிட்டுப் போவேன். தவிர, மே மாதத்தில் கேம்ப் ரோடு பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்களில் யாருடைய வேர்வை யாருடையது என்று யார் கண்டார்கள்? எங்கள் பக்கத்தில் வேர்வை பொதுச்சொத்து. இங்கேதான் அது என் ஒருவனுடைய சொந்தச் சொத்தாகிப் போனது.

முதலில் ஒரு தந்திரம் செய்தேன். கை கொடுப்பதற்கு முன்பே, "மன்னிக்கவும், இப்போதுதான் கை கழுவினேன்" என்று சொல்லிவிடுவேன். காலையில், மதியம், கூட்டத்துக்கு முன், கூட்டத்துக்குப் பின் என்று எப்போது கேட்டாலும் இப்போதுதான் கை கழுவியிருப்பேன். சில வாரம் கழித்து, பக்கத்து மேசைக்காரர் ஊவே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மீசை வைத்த, அதிகம் பேசாத மனிதர். ஒரு தேயிலைப் பொட்டலத்தை என் கையில் திணித்து, "வெட்கப்படாதே, எனக்கும் இருக்கிறது. தினமும் குடி" என்றார். நான் அதைப் புதியவனுக்குத் தரும் அன்பளிப்பு என்று நினைத்து, நெகிழ்ந்துபோய், முகம் சுளிக்காமல் ஒரு வாரம் குடித்தேன். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு பொட்டலத்தைப் படித்தால், அது சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்குமான மூலிகைத் தேநீர். நான் ஓயாமல் கழிப்பறைக்குப் போகிறவன் என்று அலுவலகமே பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மானம் போகிற விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்ளங்கையை ஊவேயிடம் விரித்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்து, "இதற்குத்தான் தோல் டாக்டர் இருக்கிறாரே" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் கொடுத்தது ஒரு மருந்து அல்ல, ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர்கள். வயர் முனைகளில் இரண்டு உலோகத் தகடுகள். தகடுகளை வைக்க இரண்டு தட்டுகள். தட்டில் தண்ணீர் ஊற்றி, கைக்கொரு தட்டாக இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, லேசான மின்சாரத்தைப் பாய விட வேண்டும். கையில் எறும்பு ஊர்வது போலிருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்; நடுவில் ஒரு கையைச் சட்டென்று எடுத்தால் சுருக்கென்று ஒரு குத்து குத்தும். இதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் பெயர் லைடுங்ஸ்வாஸர்-யோன்டோஃபோரேஸ. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டிய அந்தப் பெயரில், முதல் பாதிக்குக் குழாய்த் தண்ணீர் என்று அர்த்தம். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும். மூன்று நான்கு வாரத்தில் கைகள் காய்ந்தன; விட்டால் ஈரம் திரும்பிவிடும் என்று மட்டும் டாக்டர் எச்சரித்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக செய்தித்தாளைப் புரட்டினேன், விரலில் மை ஒட்டவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் எனக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். பெண் நஸ்ரின், கோவிலம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவரின் ஒரே மகள். எங்கள் நிக்காஹில் பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் வலது கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டுதான், சபை முன்னால், என் மகளை உமக்குக் கொடுத்தேன் என்று சொல்லுவார். அந்த ஒரு பிடி சொதசொதவென்று இருக்கக் கூடாது. எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை. சாக்லேட்டுக்கும் பரிசுப் பொருட்களுக்கும் நடுவில் பெட்டியைப் பத்திரமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பே சேலையூர் வந்து இறங்கினேன்.

வயரையும் தட்டையும் பார்த்து அம்மா பதறினார். "ஏம்பா, தண்ணியில கரண்ட் விட்டுக் கைய வைக்கிறதா? கல்யாணம் வேணாம்னா வாயால சொல்லிடேன்" என்றார். விளக்கிச் சொல்லிச் சமாதானப்படுத்தினேன். "சரி, தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்திக் கொண்டாங்கம்மா" என்றேன். கொண்டுவந்தார். சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. பெட்டியில் எண் ஏறவே இல்லை, எறும்பு ஊரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மதியத்தில் தினமும் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்த காலம் அது; வோல்டேஜ் ஏறி இறங்கியதில் பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டினேன். இரண்டாவது வாரம் உள்ளங்கையில் பழைய ஈரம் எட்டிப் பார்த்தது. வாழ்த்துச் சொல்ல வந்த உறவினர்கள் கை கொடுத்தபோதெல்லாம் நான் மாமனாரின் கையை நினைத்துக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவோ, மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் வாசலில் குரல் கேட்டது. "யக்கா, இன்னிக்கி கேன் வர்ல. வண்டி பேஜார் பண்ட்ச்சி. நாளிக்கி போட்றேன்." தண்ணீர் கேன் போடுகிறவர். சற்று நேரத்தில் அம்மா தட்டுகளோடு வந்தார், முகத்தில் ஒரு குற்ற உணர்வோடு. "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கப்பா. கேன் தண்ணி இல்ல, போர் தண்ணிதான் ஊத்தியிருக்கேன்."

சுவிட்சைப் போட்டேன். எறும்பு ஊரவில்லை, எறும்புப் புற்றே கவிழ்ந்தது. பதறி அளவைக் குறைத்தேன்.

விஷயம் இதுதான். தண்ணீரில் உப்பு இருந்தால்தான் மின்சாரம் ஓடும். காசு கொடுத்து வாங்குகிற கேன் தண்ணீரில் உப்பையெல்லாம் வடிகட்டியிருப்பார்கள். எங்கள் போர் தண்ணீரிலோ பருப்பே வேகாது. "உப்புத் தண்ணியில குளிச்சாலே தலைமுடி கொட்டுது, வைத்தியத்துக்குப் போய் அதையா ஊத்துவாங்க?" என்று அம்மா கேட்டார். அவர் கேட்டது நியாயம். தவறு என்னுடையது. ஜெர்மனியில் வீட்டுக்கு ஒரே தண்ணீர்தான். குடிக்கவும் அதுதான், கழுவவும் அதுதான். சேலையூரில் பிறந்து வளர்ந்தவன், வீட்டில் தண்ணீர் கேட்டால் எந்தத் தண்ணீர் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதையே மறந்திருந்தேன். அதற்குப் பிறகு கல்யாணம் வரை தினமும் போர் தண்ணீர். அந்த உப்பை இத்தனை வருடம் திட்டியதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

முடிச்சூர் ரோட்டில் மண்டபம். நிக்காஹ் ஆரம்பிக்கும் நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைக் கிளப்ப ஆள் ஓடியது. மின்விசிறிகள் நின்ற அந்த வெக்கையில் மாமனார் என் எதிரே உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். என் கை காய்ந்துதான் இருந்தது. அவருடைய கை தொப்பலாக நனைந்திருந்தது. என் மகளை உமக்கு என்று தொடங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். சம்மதம் என்று நான் கபூல் சொன்னேன். துஆ ஓதி முடிந்தும் அவர் கையை விடவில்லை. என் காதருகே குனிந்து, "கை ஏன் மாப்ளே இப்டி காஞ்சி ஜில்லுனு இருக்கு? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார். பிறகு தன் கையை வேட்டியில் துடைத்தபடி, "எனக்கு எப்பவும் இப்டி வேர்க்காது. அவ்ளோ தூரம் அனுப்புறனே, அதான்" என்றார். அந்த மண்டபத்தில் அன்று காய்ந்திருந்த கை என்னுடையது ஒன்றுதான். இவ்வளவு பாடுபட்டுக் காய வைத்ததை நினைத்து, அந்த ஒரு நிமிடம் எனக்கு வருத்தமாக இருந்தது.

நஸ்ரின் ஜெர்மனிக்கு வந்த முதல் நாள் சமையலறைக் குழாய் முன்னால் நின்று கேட்டாள்: "இதுல நல்ல தண்ணி எது?" எல்லாம் ஒன்றுதான் என்றேன். நம்பவில்லை, ஒரு வாரம் காய்ச்சித்தான் குடித்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள், ஊர் ஞாபகத்தில் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு. போன ஞாயிறு நான் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கோவிலம்பாக்கத்திலிருந்து போன் வந்தது. அவள் பேசி முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் காதில் போனை வைத்துப் பிடித்தாள்.

"மாப்ளே, எப்ப வரீங்க?" என்றார் மாமனார். "கை இன்னும் அப்டியே காஞ்சி ஜில்லுனுதான் இருக்கா?"

"ரெண்டும் தண்ணியிலதான் இருக்கு மாமா" என்றேன்.

போனை நானே வாங்கிக்கொள்ள ஆசைதான். ஆனால் எந்தக் கையை எடுத்தாலும் குத்தும். இரண்டையும் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் அவர் குரல் வரும் பக்கம் சாய்த்துக்கொண்டேன்.