ஸ்டென் போகும் பக்கம்

ஸ்டென் துப்பாக்கியை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். குழாய் ரிப்பேர்க்காரன் மிச்சம் மீதியை வைத்துப் பற்றவைத்த மாதிரி இருக்கும். இடப்பக்கம் தோட்டாப் பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும். கிட்டத்தில் வருகிறவனைச் சடசடவென்று சுடலாம். நாலு வயல் தள்ளி நிற்பவனை மிரட்டத்தான் முடியும். ஐம்பதுகளின் நடுவில் எங்கள் காலாட்படையில் பத்துப் பேர் கொண்ட பிரிவுக்கு ஒரே ஒரு ஸ்டென்தான், அதுவும் பிரிவை நடத்தும் நாயக்குக்கு. ஒருவன் பிரென் என்ற கனமான இயந்திரத் துப்பாக்கியைச் சுமப்பான், மற்றவர்களுக்கு நீளமான ரைஃபிள். நாயக்கின் வேலை சுடுவதல்ல; முன்னால் ஓடுவது, கை காட்டுவது, ஆட்களைக் கூட்டிப்போவது. அதற்கு இந்தக் குட்டைத் துப்பாக்கி போதும் என்று எந்த மகராசனோ முடிவு செய்திருந்தான்.

இந்த ஏற்பாட்டில் வசமாக மாட்டிக்கொண்டவன் என் நண்பன். கோவளத்துக்காரன், துணி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். நான் திருக்கழுக்குன்றத்துப் பக்கம், ஏர் பிடித்த குடும்பம். ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தோம். ரைஃபிள் சுடுவதில் அவனை அடிக்க எங்கள் கம்பெனியில் ஆளில்லை. அந்தப் பெருமைக்காகவே அவனை நாயக் ஆக்கி, கையோடு ரைஃபிளையும் பிடுங்கிக்கொண்டார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இதற்குப் போய் இப்படியா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆனால் நாயக் என்று காட்டச் சட்டைக் கையில் தைத்திருந்த பட்டை அவனுக்குத் தேவை. அவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பனார், சிப்பாய்க்குக் கொடுக்க மாட்டேன், நாயக்குக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லி நிக்காவுக்கு நாள் குறித்திருந்தார். இவனோ ஒவ்வொரு பயிற்சியிலும் எங்களை அம்போவென்று விட்டுவிட்டு எங்காவது படுத்துக் குறி பார்ப்பான். அடுத்து மாமல்லபுரத்தில் நடக்கும் பயிற்சியிலும் இதையே செய்தால் பட்டையைக் கழற்றிவிடுவேன் என்று சுபேதார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

செங்கல்பட்டு முகாமிலிருந்து லாரியில் போய் இறங்கினோம். சவுக்குத் தோப்பிலிருந்து புறப்பட்டு, கொடி நட்டிருக்கும் மணல்மேட்டைப் பிடிக்க வேண்டும். சத்தம் மட்டும் போடும் வெற்றுத் தோட்டாதான். தோப்போரம் அவன் என்னிடம் ஊர்ந்து வந்தான்.

"மச்சான், அத்த இப்டி குடு. இத்த நீ வச்சிக்க."

"இன்னாத்துக்கு? சுபேதாரு பாத்துகினு கீறாரு."

"மேட்டு மேல கொடி தெரியுது பாரு. ரைஃபிள் இல்லாம கை ஓடல மச்சான்."

அவன் கெஞ்சினால் எனக்கு மறுக்க வராது. மாற்றிக்கொண்டோம்.

விசில் ஊதியதும் அவன் மேட்டை நோக்கிப் பாய்ந்தான். புகையும் மணலும் கண்ணை மறைத்தன. மறைவு தேடி நான் வலப்பக்கம் ஒரு பள்ளத்தில் குதித்தேன். திரும்பிப் பார்த்தால் பிரிவு முழுவதும் என் பின்னால் குதிக்கிறது. புகையில் முகம் தெரியாது, ஸ்டென் போகும் பக்கம் போ என்றுதான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். நான் பதறிப்போய் இன்னும் ஓடினேன். அவர்களும் விடாமல் ஓடிவந்தார்கள். கடைசியில் கருவாட்டுக்கு மீன் காயப்போட்டிருந்த இடத்தில் போய் நின்றோம். அங்கிருந்த அம்மாள் எங்களை வைததை இங்கே எழுத முடியாது.

மேட்டில் அவன் மட்டும் தன்னந்தனியாகப் படுத்து, குண்டே இல்லாத தோட்டாவால் கொடியைக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சுபேதார் நின்றிருந்தார். நாங்கள் மூச்சிரைக்க ஏறிப்போனபோது, "ஒன் ஆளுங்க எங்கப்பா?" என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவனால் தலை தூக்க முடியவில்லை.

"இன்னொரு தபா," என்றார் சுபேதார். "இதான் கடைசி."

அவன் ரைஃபிளை என்னிடம் நீட்டினான். ஸ்டென்னை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

இரண்டாம் முறை அவன் எங்கேயும் படுக்கவில்லை. கை காட்டிக்கொண்டே வெட்டவெளி மணலில் எங்களுக்கு முன்னால் போனான். உச்சிக்குப் போனதும் கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஏறி வருகிற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிரென் சுமந்தவன் பாதியில் திணறிக்கொண்டிருந்தான். இறங்கிப்போய் அவனைக் கைகொடுத்து இழுத்துவந்தான்.

"அல்லாரும் வந்துட்டீங்களா?"

அதுவரை அவன் எங்களிடம் கேட்காத கேள்வி அது. சுபேதார் கொடியைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டே, நிக்காவுக்கு எத்தனை நாள் லீவு வேண்டும் என்று அவனைக் கேட்டார்.