அப்பா இழுத்துப் பார்த்த புல்

பாயான் பாருவில் எங்கள் வீடு ஒரு கார்னர் லாட், வரிசையின் கடைசி மூலை வீடு. கார்னர் லாட் வாங்கினால் பக்கத்தில் கொஞ்சம் நிலம் சும்மா கிடைக்கும் என்று பெயர். சும்மா எங்கே கிடைக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் வங்கிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறோம். முன்பு இருந்தவர் அந்த நிலத்தை முழுக்க சிமெண்ட் போட்டு மூடியிருந்தார். அதற்கடியில் போன தண்ணீர்க் குழாய் ஒருநாள் வெடித்தது. சரிசெய்ய வந்தவர்கள் சிமெண்டை உடைத்தார்கள், குழாயை மாற்றினார்கள், மண்ணை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் தூசி. மறுபடியும் சிமெண்ட் போட்டுவிடலாம் என்றேன் நான். புல் போடலாம் என்றார் என் கணவர். அவர் வாயைத் திறந்து ஒரு ஆசையைச் சொல்வது அபூர்வம் என்பதால் சரி என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா விழுந்தார். அம்மா போனதிலிருந்து அவர் கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸ் வீட்டில் தனியாக இருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வந்து கதவைத் தட்டும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். எலும்பு எதுவும் முறியவில்லை. இதை அவர் என்னிடம் சொல்லவுமில்லை. அந்த அக்காதான் போன் பண்ணிச் சொன்னார். நான் கடல் பாலத்தைத் தாண்டிப் போய், கத்து கத்தென்று கத்தி, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள்தான் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

அப்பாவின் நியாயம் இதுதான்: மகள் வீட்டுக்கு வரலாம், சாப்பிடலாம், போகலாம். மகள் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடாது. மகன் வீடு என்றால் உரிமை. மகன், அதாவது என் தம்பி, ஜொகூரில் இருக்கிறான். விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் ஊரடங்கியபின் திரும்புகிறவன். அங்கே ஒருமுறை போய்ப் பூட்டிய வீட்டில் சில நாள் இருந்துவிட்டு அப்பா தானாகவே பஸ் ஏறி வந்துவிட்டார். எங்கள் மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள், அவள் அறை காலியாகக் கிடக்கிறது. அம்மா காரியம் முடிந்த நாளிலிருந்து நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்லபடியாகக் கூப்பிட்டேன், சண்டை போட்டுக் கூப்பிட்டேன், அழுதும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "பார்க்கலாம்மா." காலையில் நான் போன் பண்ணி அவர் உடனே எடுக்காவிட்டால் எனக்குக் கைகால் ஓடாது. அவருக்கு அது புரியவே இல்லை என்று நினைத்தேன்.

டாக்டர் பார்த்தாகிவிட்டது, மறுநாள் கிளம்புகிறேன் என்று பையைக் கட்டி வைத்தார். அன்றைக்குப் பார்த்து புல் லாரி வந்தது. சதுரம் சதுரமாக வெட்டிய புல், அடியில் மண்ணோடு, அடுக்கடுக்காக. நர்சரிக்காரத் தம்பி தமிழ்ப் பையன்தான், மூச்சுவிடாமல் பேசுகிறவர். வெயில் ஏறுமுன் ஒரு தண்ணீர், சாயங்காலம் ஒரு தண்ணீர், வெயில் கொளுத்தினால் நடுவிலும் ஒன்று. அடி மண் நனைய வேண்டும், ஆனால் குளம் கட்டக் கூடாது. இடுக்குகளில் மணல் நிரப்ப வேண்டும். வேர் பிடிக்கும்வரை யாரும் மிதிக்கக் கூடாது, மிஷின் போட்டு வெட்டக் கூடாது. ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கினால் வராமல் நிற்க வேண்டும். அப்படி நின்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

நானும் கணவரும் தொழிற்பேட்டையில் ஆளுக்கொரு தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்புவோம். பகலில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று எரிச்சலோடு கேட்டேன். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அப்பா கட்டி வைத்த பையைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார்.

"வேர் புடிக்கிற வரைக்கும் நான் இருக்கேன்," என்றார்.

அன்று நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். கடைசிச் சதுரம் போட்டு முடிக்கும்வரை அப்பாதான் நர்சரிக்காரரோடு நின்றிருக்கிறார். சாயங்காலம் ஊரில் இருக்கும் கூட்டாளிகளுக்கெல்லாம் போன் போட்டு, மகள் வீட்டில் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது, முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அறிவித்தார்.

அப்பாவுக்குப் புல்லைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதற்காக அவர் கவலைப்படவில்லை. போனில் வீடியோ தேடிப் பார்க்க ஆரம்பித்தார். ஏதோ குளிர் நாட்டு வெள்ளைக்காரர் ஒருவர் பனிக்காலத்தில் புல்லைக் காப்பாற்றுவது எப்படி என்று விளக்குவதை ஊருக்கே கேட்கும் சத்தத்தில் முழுதாகப் பார்த்துவிட்டு, நமக்குப் பனி கிடையாது, அந்த மட்டில் ஒரு வேலை மிச்சம் என்றார். சுற்றிலும் குச்சி நட்டு, சிவப்பு பிளாஸ்டிக் நாடா கட்டினார். விபத்து நடந்த இடம் மாதிரி இருந்தது எங்கள் வீடு. பார்சல் கொண்டுவந்து எறிந்துவிட்டுப் போகும் ஆளுக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் ஒரே திட்டு. ஒரு பெருமழையில் சில சதுரங்கள் மிதந்து சாக்கடை ஓரம் ஒதுங்கிவிட்டன. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பலகை போட்டு அதன்மேல் குத்துக்காலிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தினார். விழுந்து எழுந்த மனுஷன் செய்கிற வேலையா இது என்று கத்தினேன். புல் காய்ந்துவிடும் என்றார்.

பையை மட்டும் அவர் பிரிக்கவே இல்லை. நாற்காலியில் கட்டியபடியே இருந்தது. வேண்டிய சட்டையை அதிலிருந்து உருவிக்கொள்வார். சும்மா சாப்பிடக் கூடாது என்று தினமும் பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்தால் கெம்போங் மீன் எங்களைப் பார்த்து முறைத்தது.

அவருக்கும் என் கணவருக்கும் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. சண்டை போட இரண்டு பேர் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மாமனார் வருகிறார் என்று இவர் டிவியை விட்டு எழுந்து போவார். மாப்பிள்ளை பார்க்கட்டும் என்று அவர் வராந்தாவுக்குப் போய்விடுவார். காலி ஹாலில் பந்து விளையாட்டு தானாக நடந்துகொண்டிருக்கும். அவ்வளவு மரியாதை.

தினமும் விடிந்ததும் அப்பா குழாய்ப் பக்கத்து மூலைக்குப் போவார். குனிந்து ஒரு சதுரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். அது உரித்த தோல் மாதிரிக் கையோடு வரும்.

"இன்னும் புடிக்கலம்மா," என்பார். திரும்ப அமுக்கி வைத்துவிட்டுக் குழாயைத் திறப்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுஷனுக்கு என் வீட்டை விட்டுப் போவதில் இத்தனை அவசரமா? பேருந்து வந்துவிட்டதா என்று எட்டி எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி தினம் தினம் என்ன இழுத்துப் பார்ப்பது? "அதுவா புடிக்கிறப்ப புடிக்கும், விடுங்கப்பா," என்று எத்தனையோ காலை எரிந்து விழுந்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

மற்ற இடமெல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பச்சை பிடித்தது. அந்த மூலை மட்டும் பழுத்து, பிறகு காய்ந்தது. ஏதோ புழு வேரைத் தின்கிறது என்று எனக்குச் சந்தேகம். அப்பாவிடம் சொன்னேன், இருக்கலாம் என்றார். ஒரு லீவு நாளில் நர்சரிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் வந்தபோது அப்பா பாசாருக்குப் போயிருந்தார்.

நர்சரிக்காரர் நடுவில் ஒரு சதுரத்தைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இன்னொன்று, அதுவும் அசையவில்லை. எல்லாம் எப்போதோ பிடித்துவிட்டது, இனிமேல் தினமும் தண்ணீர்கூட வேண்டாம், மிஷின் போட்டு வெட்டலாம் என்றார். பிறகு மூலைக்குப் போய் அந்தக் காய்ந்த சதுரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார்.

"புழு ஒண்ணும் இல்லக்கா. இத யாரோ தெனமும் தூக்கிப் பாக்குறாங்க. வேர் விட விட அறுந்துபோவுது."

"எங்கப்பாதான் தம்பி. தெரியாம பண்ணிட்டாரு."

"அங்கிளுக்குத் தெரியுமேக்கா. போட்ட அன்னிக்கே சொன்னேன், சும்மா சும்மா இழுக்காதீங்கன்னு. இப்பக்கூட போன் பண்ணாருலா. ஒரு மூலை மட்டும் புடிக்காமப் போனா மத்த புல்லுக்கு ஏதும் ஆவுமான்னு கேட்டாரு. ஒண்ணும் ஆவாதுன்னேன்."

நான் செருப்பு விடும் படியில் உட்கார்ந்துவிட்டேன். போக வேண்டும் என்று துடிக்கிறார் என்று நினைத்து அந்த மனுஷனை நான் எவ்வளவு பேசியிருக்கிறேன். அவர் இருக்க வேண்டும் என்று துடித்திருக்கிறார். அதை வாயால் சொல்ல முடியாமல் ஒரு சாண் புல்லைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறார். மூலைக்குப் புதுச் சதுரம் போடட்டுமா என்று நர்சரிக்காரர் கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அனுப்பி வைத்தேன்.

மீனோடு திரும்பி வந்த அப்பா, நர்சரிக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம் என்றேன். "நான்தான் சொன்னேனே," என்று உள்ளே போனார். குரலில் அப்படி ஒரு திருப்தி.

மறுநாள் காரில், தொழிற்பேட்டை நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, அதுதான் இருக்கிறாரே, அப்புறம் என்ன என்றார். நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். நீதான் கூப்பிட்டாயே என்றார். நான் மகள், எத்தனை தடவை கூப்பிட்டாலும் அது கணக்கில் வராது, வீட்டு மாப்பிள்ளை கூப்பிட வேண்டும் என்றேன். முன்னால் நின்ற கார் நகர்ந்ததும் இவரும் காரை நகர்த்தினார்.

"இருங்கன்னு சொன்னா, எத்தன நாள் இருக்கப் போறீங்கன்னு கேக்குற மாதிரி ஆயிடுமோன்னு பயந்துதான் பேசாம இருந்தேன்," என்றார்.

இவர் பேசினால் அவர் போய்விடுவாரோ என்று இவருக்குப் பயம். இவர் பேசாததால் போய்விட வேண்டும் என்று அவருக்கு எண்ணம். நடுவில் நான் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். தொழிற்சாலை வாசல் வரும்வரை இவரைத் திட்டித் தீர்த்தேன்.

சனிக்கிழமை காலை அப்பா வழக்கம்போல் மூலையில் குனிந்தபோது என் கணவர் வெளியே போனார். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன சாமியாரா? முதலில் புல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றார் அப்பா. மழை வருமா என்று கேட்டார். வரலாம் என்றார் அப்பா. மேகத்தை இருவரும் பார்த்தார்கள். போச்சு, மனுஷன் உள்ளே வந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"மாமா, இது வீட்டுச் சாவி. உங்களுக்குன்னு செஞ்சு வாங்கிட்டு வந்தேன். புல்லு புடிச்சாலும் புடிக்காட்டியும் நீங்க இங்கயே இருந்துடுங்க. நாங்க வேலைக்குப் போறப்ப நீங்க வீட்ல இருக்கீங்கன்னா எனக்கு நிம்மதியா இருக்கு."

அப்பா ஈரக் கையைக் கைலியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். சாவியை வாங்கினார்.

"சரிங்க மாப்ள," என்றார்.

அவ்வளவுதான். மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னார், முடிந்தது. நான் அம்மா காரியத்திலிருந்து அழுததெல்லாம் எங்கே போயிற்று? சந்தோஷம் ஒரு பக்கம், வந்ததே கோபம் எனக்கு. அப்பா சமையலறைக்கு வந்து உட்கார்ந்ததும், தோசைக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்: நான் கூப்பிட்டால் பார்க்கலாம், அவர் கூப்பிட்டால் சரிங்க மாப்ளையா, நான் உங்களுக்கு யார்?

அப்பா சாவியை மேசைமேல் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ கூப்பிடுறப்பல்லாம் வந்துடணும்னுதாம்மா இருந்துச்சு. வந்து, மாப்ளைக்குப் புடிக்காமப் போச்சுன்னா, திரும்ப அந்த வீட்டுக்குப் போயி தனியா இருக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்லில் இருந்த தோசை கருகிவிட்டது. அதை எடுத்துப் போட்டுவிட்டு அவருக்கு இன்னொன்று ஊற்றினேன்.