விரலை முறுக்கி வென்ற மல்யுத்தம்

ஐம்பதுகளில் எங்கள் பல்கலைக்கழக மல்யுத்தக் குழு, விடுமுறையில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள என் ஊரான சாய்ந்தமருதுக்கு வந்து கடற்கரையில் உள்ளூர்க்காரர்களோடு மோதியது. எனக்கு எதிராக நின்றவர் இஸ்மாயில் என்ற மீனவர். தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில், நடுவர் காணாமல் அவர் விரலை முறுக்கினேன். அவர் பிடி தளர்ந்தது, நான் வென்றேன்.

ஊரே கைதட்டியது. இஸ்மாயில் வீங்கிய விரலைப் பொத்திக்கொண்டு நின்றார். என்னால் தாங்க முடியவில்லை. அவரிடம் போய், எங்கள் ஊரில் அண்ணனை அழைப்பதுபோல் 'காக்கா' என்று அழைத்துச் சொன்னேன்:

"காக்கா, நான் களவாத்தான் வெண்டன். எல்லாருக்கும் சொல்லப்போறன்."

"ஓம், சொல்லு. சொல்லிப்போட்டு வா, திரும்ப மல்லுப் பிடிப்பம்."

சொன்னேன். வீங்கிய விரலோடேயே ஒரு நிமிடத்தில் என்னை மணலில் சாய்த்தார். பிறகு அவரே தூக்கிவிட்டு, "இப்பதான் நல்லாப் பிடிச்சாய்" என்று சிரித்தார்.

பின்னாளில் எங்கள் குழுவின் வரலாற்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தப் போட்டியில் நான் தோற்றேன் என்றே எழுதினேன். அதை எழுதும்போது மனசு லேசாக இருந்தது.