கழுத்தில் ஒரு தடம்

பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, டீச்சர் என் மகளின் காலரை விலக்கிக் காட்டினார். காலையில் லேசான சிவப்பாக இருந்த இடம்தான். வேனல் கட்டி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசி அனுப்பியிருந்தேன். மதியத்துக்குள் அது விரல் நீளத்துக்குக் கன்றிப்போய், நடுவில் கொப்புளம் கட்டியிருந்தது. கரண்டியைக் காய்ச்சி வைத்தது போலவே இருந்தது.

"இது பொள்ளியதல்லே?" என்றார் டீச்சர். "குட்டி பறஞ்ஞது, அம்ம அடிச்சதாணென்னு."

சுட்ட புண்தானே, அம்மா அடித்ததாகக் குழந்தையே சொல்கிறாளே என்று மலையாளத்தில் கேட்கிறார். நானா? பெற்ற பிள்ளைக்குச் சூடு போடுகிறவளா நான்? கோபக்காரிதான், இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு எந்த வீட்டில்தான் இரண்டு அடி விழவில்லை? அதற்காக இப்படியா! டாக்டர் சீட்டு வேண்டும், இல்லாவிட்டால் மேலிடத்துக்கு எழுதுவோம் என்றார்கள். கிழக்கேகோட்டையில் இருந்த டாக்டரிடம் அவளை ஆட்டோவில் இழுத்துக்கொண்டு போனேன். பொய் சொல்லி என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று மனம் கொதித்தது.

தோல் டாக்டர் நாகர்கோவில்காரர். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"லைட்டுக்குக் கீழ இருந்து படிப்பாளா? எறும்பு மாதிரி, கறுப்பும் ஆரஞ்சுமா ஒரு பூச்சி கழுத்துல ஊர்ந்துச்சா?"

ஊர்ந்தது. முந்தாநாள் சாயங்காலம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்றபடியே பட்டென்று ஒன்று வைத்து, செத்ததை நைட்டியில் துடைத்துவிட்டு, "ம், அடுத்தது" என்றேன்.

"அது கடிக்கவே கடிக்காதும்மா. ஊதிவிட்டாப் போயிரும். அடிச்சு நசுக்கினா அதுக்குள்ள இருக்க நீர் தோலை வேக வச்சிரும். உடனே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தா இவ்வளவு வந்திருக்காது. இனிமே மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம்."

களிம்பு எழுதினார். சொறியக் கூடாது, கறுப்புத் தடம் சில வாரம் இருந்துவிட்டுப் போகும் என்றார். பூச்சியால் வந்த புண் என்று சீட்டும் தந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாளைக்கு அந்த டீச்சர் முகத்துக்கு நேரே இதை நீட்ட வேண்டும்.

வெளியே வந்ததும் குனிந்து மகளைப் பிடித்துக்கொண்டேன். "பூச்சியத்தான் அம்மா அடிச்சேன்னு டீச்சர்ட்ட பறஞ்சிருக்கலாம்லா?"

அவள் கண்ணை விரித்தாள்.

"பூச்சியா? எனக்கு அறியாதும்மா. ஆறேழு தெற்றிப்போச்சுன்னு நீ அடிச்சேன்னுல்லா நெனச்சேன்."

அன்று ஆறேழு நாற்பத்திரண்டு என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். அடி விழுந்ததும் சத்தமில்லாமல் ரப்பரை எடுத்து அதை அழித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஏன் அழிக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.