சிவப்புக் கவசத்துக்குள் இருந்தவள் நான்தான்

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உங்களிடம் பேச எனக்கு என்ன தகுதி? ஒன்றுமில்லை. ஆனாலும் இதை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்க இனி என்னால் முடியவில்லை...

சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு நான் பொய் வாக்குக் கொடுத்தேன். பிறகு, ஊர் கூடி நின்ற இடத்தில், அந்தக் குழந்தையையே பொய்க்காரி ஆக்கினேன். இரண்டையும் வாய் திறக்காமல் செய்தேன்.

எப்படி என்று கேட்பீர்கள்.

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து பேர், ஐந்து நிறம். கையை உயர்த்திக் கத்தினால் உடம்போடு ஒட்டிய உடுப்பும் தலைக்கவசமும் வந்துவிடும். அப்புறம் அரக்கனோடு சண்டை. ஜப்பான்காரர்கள் முதலில் எடுத்ததாம். கவசம் போட்ட சண்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு, முகம் தெரிகிற காட்சிகளை மட்டும் வேறு தேசத்துப் பிள்ளைகளை வைத்து எடுத்துச் சேர்த்தார்களாம். அதற்கும் மேலே தமிழ்க் குரல். உடம்பு ஒருவர், முகம் ஒருவர், குரல் ஒருவர்... இதை என் கணவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

என் கணவருக்குப் பிழைப்பே பிறந்தநாள் விழாக்கள்தான். நாங்கள் இருப்பது கிழக்குத் தாம்பரத்தில். மேடவாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கத்து அடுக்குமாடிகளில் போய்ப் பலூன் கட்டுவார், மைக் பிடித்துப் பேசுவார். எல்லோருக்கும் அவர் சேகர் அண்ணா. பிள்ளைகள் அந்தத் தொடரின் சிவப்பு வீரன் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியதும் ஒரு சிவப்பு உடுப்பும் ஃபைபர் கவசமும் செய்து வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு ஆடிய ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். உடுப்போ சின்னது. அந்த அளவுக்கு வீட்டில் இருந்தவள் நான்தான்.

"நானா? எனக்குக் கூச்சமா இருக்குங்க" என்றேன்.

"மூஞ்சியே தெரியாது, அப்பால இன்னா கூச்சம்? உள்ள நீ கீறேன்னு எவனுக்குத் தெரியும்?"

டிவியை ஓடவிட்டு அவரே வேலையும் சொல்லிக்கொடுத்தார்.

"பாத்துக்கினே இரு. அஞ்சு பேருக்கும் வாய் தெரியல. ஆனா யாரு பேசறான்னு உனக்குத் தெரியுதுல்ல? எப்படி? பேசறவன் தலைய ஆட்டறான், கைய ஆட்டறான். மத்தவன்லாம் சும்மா நிக்கறான். நான் மைக்ல பேசுவேன், நீ ஆட்டு. புள்ளைங்க கிட்ட வந்து எதுனா கேட்டா ஆமான்னு தலையாட்டு. வாயத் தொறந்தே... ஷோ காலி!"

அப்படித்தான் நான் சிவப்பு வீரன் ஆனேன். உள்ளே மூச்சு விட்டால் அந்தக் காற்றே முகத்தில் வந்து மோதும். தாலியை ஊக்குப் போட்டு உள்ளே ஒதுக்கிக்கொள்வேன். கவசம் நெற்றியை இறுக்கித் தலைவலி வரும் என்பதால் முன்கூட்டியே நெற்றி நிறையத் தைலம் தடவிக்கொள்வேன்.

ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது! கதவைத் திறந்ததும் கூடத்தில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் என்னைப் பார்த்து ஓடி வருவார்கள். என் வாழ்நாளில் என்னைப் பார்த்து யார் ஓடி வந்திருக்கிறார்கள்? "எங்க ஸ்கூலுக்கு வருவியா?" என்பார்கள். தலையாட்டுவேன். "நான் உன் டீம்ல சேரலாமா?" தலையாட்டுவேன். யாருக்கும் நஷ்டமில்லாத தலையாட்டல்கள் என்று நினைத்திருந்தேன்.

மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடி. ஒரு பையனுக்கு நாலாவது பிறந்தநாள். கீழ்த்தளத்துக் கூடத்தில் ஆட்டம் முடிந்து, கேக் வெட்டுவதற்கு முன் கொஞ்சம் மூச்சு வாங்க மாடிப்படிக்கு அடியில் போய் நின்றேன். வெளியே தண்ணீர் லாரி தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் வந்தது தெரியவில்லை.

பிறந்தநாள் பையனின் அக்கா. தன்யா என்று பெயர். பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"ரெட், உங்க மேல தைல வாசனை வருது. உங்களுக்கும் தலை வலிக்குமா?"

தலையாட்டினேன். அன்று நான் ஆட்டியதில் அது ஒன்றுதான் உண்மை.

அவள் இன்னும் கிட்டே வந்தாள். "ஒரு சீக்ரெட் சொல்லவா? எங்கப்பா டூர் போகல. அம்மா எல்லார்கிட்டயும் சும்மா சொல்றாங்க. சண்ட போட்டுட்டு வேற வீட்டுக்குப் போயிட்டாரு. தம்பிக்குத் தெரியாது... நீங்க போய்க் கூட்டிட்டு வருவீங்களா?"

அந்த நொடியை எத்தனையோ தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன். பழக்கத்தில் ஆட்டிவிட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். பழக்கமா? இல்லை! என் கை கவசத்தின் விளிம்பு வரை போனது. அதைக் கழற்றி, "நான் சும்மா ஒரு ஆன்ட்டிதான் கண்ணு" என்று சொல்லியிருக்கலாம். கை பாதியில் நின்றது. அவள் என்னை அப்படி நம்பினாள்... அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

தலையாட்டினேன்.

"ப்ராமிஸா? அடுத்த பர்த்டேக்குள்ள?"

அதற்கும் ஆட்டினேன். தொடரில் அந்த ஐந்து பேரும் செய்வதுபோல அவள் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக் காட்டினாள். நானும் வைத்துக் காட்டிவிட்டுக் கேக் வெட்டும் இடத்துக்குப் போனேன்.

அடுத்த வருடம் அதே வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. என்னால் வர முடியாது என்றேன். "ஏன், உடம்பு சரியில்லியா? அந்தப் பையன் ரெட்டு ரெட்டுன்னு உசுர வுடறானாம்" என்றார் கணவர். போனேன். ஒரு வருடத்தில் குழந்தை மறந்திருக்கும் என்று எண்ணினேன்.

மறக்கவில்லை.

கூடத்து வாசலை விட்டு அவள் நகரவே இல்லை. மெழுகுவத்தி ஏற்றியதும் ஓடி வந்து கேக்குக்கு முன் நின்றுகொண்டாள்.

"கட் பண்ணாதீங்க! அப்பா வந்துட்டு இருக்காரு."

"தன்யா, அப்பா டூர்ல இருக்காரு" என்றார் அவள் அம்மா.

"டூர் இல்ல! வேற வீட்ல இருக்காரு. இன்னிக்கு வருவாரு!"

பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். அந்த அம்மா இரண்டு வருடமாகக் கட்டிக் காத்தது அந்தக் கூடத்து நடுவில் விழுந்து கிடந்தது. அவர் முகம் போன போக்கை நான் கவசத்தின் கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருடி சொன்னா உனக்கு?"

"ரெட் சொன்னாரு. போன பர்த்டேக்கு ப்ராமிஸ் பண்ணாரு."

யாரோ சிரித்தார்கள். "அது வேற ஆளா இருக்கும்டா செல்லம்" என்றார் ஒரு மாமா.

"இல்ல, இதே ரெட்தான்! தைல வாசனை வருது பாருங்க!"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். "ரெட்டுக்கு ஜலதோஷம் போல!" என்றது ஒரு குரல். அவள் சொன்ன ஒரே சாட்சி... அத்தனை சரியான சாட்சி! அதையே வேடிக்கையாக்கிவிட்டார்கள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. என் கணவரிடம் திரும்பினார். "என்ன சார் இது? குழந்தைங்ககிட்ட இப்படியெல்லாமா பேசுவீங்க?"

"ஐயோ மேடம், உள்ள இருக்கறவங்க வாயே தொறக்க மாட்டாங்க. அதான் எங்க ரூலே."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீங்க எதாவது சொன்னீங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். சொல்லவில்லைதானே என்று அந்தக் கணத்திலும் ஒரு கெட்ட புத்தி எனக்குள் கணக்குப் பார்த்தது.

ஆனால் தன்யா விடவில்லை. என் கையுறையைப் பிடித்துக்கொண்டாள். "படிக்கட்டுக்குக் கீழ... நான் கேட்டேன், நீங்க தலையாட்டினீங்கல்ல? ஆட்டினீங்கல்ல ரெட்?"

இப்போது ஒளிந்துகொள்ள ஒரு சந்துகூட இல்லை. கவசத்தைக் கழற்றினால் அவள் காப்பாற்றப்படுவாள். உள்ளே வியர்த்து வழியும் நடுத்தர வயதுக்காரி ஒருத்தியை எல்லோரும் பார்ப்பார்கள். அவ்வளவுதானே? அந்தக் கூச்சம் ஒரு குழந்தையைவிடப் பெரிதா? பெரிதாகத்தான் இருந்தது...

இல்லையென்று தலையாட்டினேன். கூடத்தின் கடைசி வரிசைக்கும் தெரிகிறமாதிரி, எனக்குக் கற்றுக்கொடுத்தபடி, பெரிதாக ஆட்டினேன்.

"பொய் வேற கத்துக்கிட்டியா?" அவள் முதுகில் அம்மாவின் அடி விழுந்தது. அவள் அழவில்லை. கண்ணாடியை அண்ணாந்து பார்த்தாள். வெளியிலிருந்து பார்த்தால் அதில் பார்ப்பவர் முகம்தான் தெரியும். அவளுக்கு அவள் முகம் தெரிந்திருக்கும். பிறகு கையுறையை விட்டுவிட்டாள்.

என் கணவர் பாட்டைப் போட்டார். கேக் வெட்டினார்கள். இடுப்பில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நான் எல்லோரோடும் படம் எடுத்துக்கொண்டேன்.

வீடு திரும்பும்போது கணவர் கேட்டார், "ஏன்டி, நெசமாவே நீ எதுனா ஆட்னியா அந்தப் பொண்ணுகிட்ட?"

"இல்லீங்க."

"அதான் பாத்தேன். இந்தக் காலத்துப் பசங்க, டிவியப் பாத்துட்டு எதையாச்சும் வுடுதுங்க."

அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. அந்த அப்பா திரும்பி வந்தாரா என்றும் தெரியாது. வந்திருந்தாலும் என் பாரம் குறையுமா? அவள் அப்பாவை நான் பறிக்கவில்லை. அவள் பேச்சுக்கு இருந்த மதிப்பைத்தான் பறித்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் உண்மை சொன்னபோதெல்லாம் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

இதை எழுத வைத்தது போன வாரம் நடந்தது.

கீழ்க்கட்டளையில் ஒரு விழா முடிந்தது. கணவர் சாமான்களோடு வண்டியில் போக, நான் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உயரமாகியிருந்தாள். ஆனாலும் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் நெற்றியில் தைலம் காயவில்லை.

வண்டி நகர்ந்தது. அவள் மெல்லத் திரும்பினாள். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்குத் தலை வலிக்குதா?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. அவள் கண்கள் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தன. அது எந்தப் பக்கம் அசையும் என்று.

இல்லையென்று தலையாட்டினேன். இந்த முறை கவசம் இல்லை.

அவள் வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள். மேடவாக்கத்தில் இறங்கிப் போனாள்.

மறுநாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பிறந்தநாள் விழா இருந்தது. தைலம் தடவாமல் போனேன்.